செஸ் பணத்தில் நம் வியர்வை

ஏற்றுமதியாகும் ரப்பர்மீது ‘செஸ்’ என்னும் தீர்வை வாங்கப்படுவதைத் தோழர்கள் அறிவர். 1925இல் மலாயாவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் பிறந்தபோது அதற்குச் சோறு போட்டது இத்தீர்வையே. 1998 முதல் அப்பணியை மலேசிய ரப்பர் வாரியம் ஏற்று நடத்துகிறது.

தீர்வையை நாம் குறை கூறவில்லை. அப்பணத்தில் விளைந்ததுதான் ஆர்.ஆர்.ஐ.எம். 600 ஒட்டுமரம். பழைய விதைமரங்கள் கண்டிராத பாலை அது தந்தது. 1965இல் வந்த தர நிர்ணய முறை, செயற்கை ரப்பரின் போட்டியில் நம் சரக்கு நிலைக்க உதவியது. தொழில் பிழைத்தால்தான் நம் அடுப்பும் எரியும்.

ஆனால், ‘இது முதலாளி கட்டும் பணம்; உங்களுக்கென்ன பேச்சு?’ என்பதை நாம் ஒப்பமாட்டோம். செக்ரோலில் செஸ்ஸுக்கென ஒரு கட்டம் இல்லை, மெய்தான். ஆயினும், விடியுமுன் பெரட்டில் நின்று, கொசுக்கடியில் மரம் வெட்டி, வாளி சுமந்து வந்து ஸ்டோரில் பால் நிறுக்கும் தொழிலாளர் இல்லையெனில் சரக்கேது? தீர்வைதான் ஏது?

ஆகவே கேட்கிறோம்: மரம் எவ்வளவு பால் தரும் என்று ஆராயும் அறிவு, வெட்டுவோரின் தோள் எவ்வளவு தாங்கும் என்றும் ஆராயட்டும். மேல்பட்டையை நீண்ட கத்தியால் வெட்டும்போது கழுத்து படும் பாட்டை அளக்கட்டும். பால் கூடினால் சுமையும் கூடுகிறது. அதைக் குறைக்க வழி காணட்டும். செஸ் வரவு செலவுக் கணக்கு தமிழிலும் தோட்டத்துக்கு வரட்டும்.

தோழர்களே, இதை அடுத்த கிளைக் கூட்டத்தில் எழுப்புங்கள். கேட்பது பிச்சையன்று, நம் உழைப்பின் கணக்கு.