"என்ன கலர் சட்டை?" – அப்பா முழித்தார்!

காணும் பொங்கல் சாயங்காலம். சென்னை மெரினாவில் எள் போட்டால் எள் விழாது. அப்படி ஒரு கூட்டம்.

உழைப்பாளர் சிலைக்குப் பின்னால் போலீசாரின் தற்காலிக கட்டுப்பாட்டு அறை. செய்திக்காக நானும் அங்கே நின்றேன்.

ஒருவர் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். "சார்! என் பையனைக் காணோம் சார்! 5 வயசு!" என்று அழுதார்.

குழந்தைகளின் கையில், பெற்றோரின் போன் நம்பர் எழுதிய பட்டையைப் போலீசார் கட்டி விடுவது உண்டு. இந்தப் பையன் அதற்கும் டிமிக்கி கொடுத்து விட்டான்.

"என்ன கலர் சட்டை?" ஏட்டு கேட்டார்.

அப்பா முழித்தார். "நீலம்... இல்லை சார், பச்சை..."

பின்னாலேயே ஓடி வந்த மனைவி சொன்னார்: "மஞ்சள் சட்டை. இரண்டாவது பொத்தான் இல்லை. ஊக்கு குத்தி இருக்கேன்."

மைக்கில் சொன்னார்கள். கால் மணி நேரத்தில் பையன் கிடைத்தான். சுண்டல்காரர் பக்கத்தில் நின்றானாம்! ஊக்கு கழன்று தொங்கியது. அப்பாவே அதைக் குத்தி விட்டார். கை நடுங்கியது. பையன் சிரித்தான்.

அவர் கெட்ட மனுஷர் இல்லை. மளிகைக் கடைக்காரர். பையன் எழுந்திருக்கும் முன்பே கிளம்புவார். அவன் தூங்கிய பிறகுதான் ஷட்டரை இழுத்து விட்டு வருவார். எல்லாம் பையனுக்காகத்தான்.

ஆனாலும், பொத்தான் போனது மாட்டி விடுகிற கைக்குத்தானே தெரியும்?

குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது, ஸ்கூலில் விடுவது எல்லாம் "பொம்பளை வேலை", "தினசரி தொல்லை" என்று நினைக்கிறோம். பீச், சினிமா, பொருட்காட்சி என்று கூட்டிப் போனால்தான் சந்தோஷமாம்! பீச் வருஷத்துக்கு ஒரு நாள். பல் தேய்ப்பது 365 நாளும் உண்டு.

டவுசர் மாட்டும்போது பிள்ளை நம் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்குமே! செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டு வருமே! அந்தச் சந்தோஷத்துக்கு டிக்கெட் உண்டா?

போலீஸ் செய்தி எழுதுகிறவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்கிறேன். யாராவது தொல்லை கொடுத்தால், "என்னடா நடந்தது?" என்று அதட்டினால் பிள்ளை வாய் திறக்காது. தினமும் சோறு பிசைந்து தருகிறவரிடம் தானாகவே சொல்லி விடும். 1098-க்கு போன் செய்தால் உதவி கிடைக்கும். ஆனால், விஷயம் முதலில் வீட்டுக்குத் தெரிய வேண்டாமா?

"கல்யாணம் ஆகாத உனக்கு என்னப்பா தெரியும்?" என்று கேட்பீர்கள். நானும் ஒரு அப்பாவுக்குப் பிள்ளைதானே! அவர் வாங்கித் தந்த பொம்மை ஒன்றுகூட நினைவில் இல்லை. தலை சீவும்போது தாடையை இறுக்கிப் பிடிப்பாரே, அந்தப் பிடி மட்டும் மறக்கவில்லை.

அப்பாமார்களே! கடையைப் பத்து நிமிஷம் தாமதமாகத் திறந்தால் குடி முழுகி விடாது. அடுத்த வண்டியைப் பிடித்தாலும் ஆபீஸ் போய்ச் சேரலாம்.

நாளைக் காலையில் பிள்ளைக்குச் சட்டை மாட்டி, பொத்தானைப் போட்டு விட்டுக் கிளம்புங்கள்!