விடுமுறையில் வேம்பார் போகிறீர்களா?



கோடை விடுமுறை வந்தால் எங்கே போகலாம் என்ற பேச்சு எல்லா வீடுகளிலும் எழும். உதகமண்டலம், கொடைக்கானல், குற்றாலம் என்று பெயர்கள் அடிபடும். நான் உங்களுக்கு வேறொரு ஊரைச் சொல்கிறேன். தூத்துக்குடியிலிருந்து இராமநாதபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், தூத்துக்குடி மாவட்டத்தின் வடகோடியில் இருக்கிறது வேம்பார். மன்னார் வளைகுடாவை ஒட்டிய சிற்றூர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பனங்காடு, அருகிலேயே உப்பளங்கள். விஞ்ஞானம் படிக்கும் மாணவருக்கு இதைவிட நல்ல திறந்தவெளிப் பள்ளிக்கூடம் கிடைப்பது கடினம்.

ஆனால் இப்படிப்பட்ட ஊருக்குப் போவதற்கு முன் எதை எடுத்துச் செல்ல வேண்டும் என்பதைவிட, எதை எடுத்துவரக் கூடாது என்று தெரிந்துகொள்வதே முக்கியம் என்பது என் கருத்து. அது எப்படி என் கருத்தானது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் எட்டாம் வகுப்பு படித்தபோது இந்தக் கடற்கரைக்குச் சுற்றுலா போனேன். கண்ணில் பட்ட சங்கு, சிப்பி எல்லாவற்றையும் ஒரு துணிப்பை நிறையப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அன்று இரவு பைக்குள்ளிருந்து கரகரவென்று ஏதோ சுரண்டும் சத்தம் கேட்டது. எலி என்று நினைத்துத் தூங்கிவிட்டேன். இரண்டு நாள் கழித்து வீடெல்லாம் நாற்றம். பையைக் கொட்டிப் பார்த்தால், வெறும் சங்கு என்று நான் நினைத்தவற்றில் பாதிக்கு மேல் துறவி நண்டுகள் செத்துக் கிடந்தன. இந்த நண்டின் பின்னுடலுக்கு ஓடு கிடையாது. இறந்துபோன நத்தை விட்டுச் சென்ற கூட்டில் புகுந்துகொண்டுதான் அது உயிர் பிழைக்கிறது. உடல் வளர வளர, பெரிய கூட்டைத் தேடிக் குடிமாறுகிறது. நான் பொறுக்கியவை வீடுகள். குடியிருந்தவர்களோடு சேர்த்துப் பொறுக்கிவிட்டேன். அன்றிலிருந்து கடற்கரையில் குனிந்து பார்ப்பேனே தவிர, எதையும் எடுப்பதில்லை.

எப்போது போவது?

விடியற்காலையில் கடற்கரைக்குப் போய்விடுங்கள். ஒன்பது மணிக்குள் நிழலுக்குத் திரும்பிவிடுங்கள். மறுபடி மாலை நான்கு மணிக்கு மேல் புறப்படலாம். கடலோர வெயிலைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது. கடற்கரைக் காற்றில் ஏற்கெனவே நீராவி மிகுதி. ஆகையால் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை, உடலிலேயே வழிந்துகொண்டிருக்கிறது. உள்நாட்டில் 35 டிகிரி வெயிலைத் தாங்குகிறவர்கள் கூட இங்கே அதே 35 டிகிரியில் தளர்ந்துபோவது இதனால்தான். மெல்லிய பருத்தி ஆடை, தலைக்கு ஒரு துண்டு, குடிநீர் ஆகியவை கட்டாயம். தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் அவ்வப்போது குடியுங்கள். வெறும் நீரோடு நிற்காமல் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரும் குடிப்பது நல்லது.

கரையில் என்ன பார்ப்பது?

காலையில் நாட்டுப்படகுகள் கரை சேரும் நேரம் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள், தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை உண்டு. முன்பு 45 நாட்களாக இருந்த தடைக்காலம் 2017-ஆம் ஆண்டில் 61 நாட்களாக்கப்பட்டது. மீன்கள் இனம் பெருக்க இடம் கொடுப்பதே இதன் நோக்கம். உங்கள் விடுமுறையும் மீன்களின் விடுமுறையும் ஏறக்குறைய ஒன்றாகவே வருகின்றன! நாட்டுப்படகுகளுக்கு இந்தத் தடை இல்லை. வலையில் சாளை, பாறை, கணவாய், நண்டு என்று என்னென்ன வந்திருக்கின்றன, எது எத்தனை என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்.

கொண்டல், வாடை, சோழகம், கச்சான் என்று காற்றுகளுக்குக் கடலோர மக்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். எந்தக் காற்று எந்தத் திசையிலிருந்து வரும், எந்த மாதத்தில் வரும், எந்தக் காற்றில் எந்த மீன் கிடைக்கும் என்று அங்குள்ள பெரியவர்களிடமே கேட்டு ஓர் அட்டவணை தயாரியுங்கள். நீங்கள் பாடப்புத்தகத்தில் படித்த நிலக்காற்றும் கடற்காற்றும் அந்த அட்டவணைக்குள் எங்கே வருகின்றன என்று யோசித்துப் பாருங்கள்.

உப்பளத்தில் ஒரு வேதியியல் பாடம்

உப்பு விளைவது கோடையில்தான். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அதில் சுமார் 27 கிராம் மட்டுமே நாம் உண்ணும் சோடியம் குளோரைடு. அப்படியானால் ஒரு கிலோ உப்புக்கு எத்தனை லிட்டர் கடல்நீர் வற்ற வேண்டும்? கணக்கிட்டுப் பாருங்கள், குறைந்தது 37 லிட்டர் வரும். வெயில் ஏற ஏற முதலில் கால்சியம் கார்பனேட்டும், அடுத்து ஜிப்சமும் படிகின்றன. அதன் பிறகே உப்பு படிகிறது. கடைசியில் எஞ்சும் கசப்பு நீரில் மக்னீசியம் உப்புகள் மிகுதி. அதை வெளியேற்றாவிட்டால் உப்பும் கசக்கும். ஆய்வுக்கூடத்தில் படிகமாக்கல் பற்றிப் படிக்கிறீர்களே, அதையே ஏக்கர் கணக்கில் செய்கிறார்கள் இங்கே.

ஆனால் பாத்திக்கு அருகே நிற்கும்போது வெள்ளை உப்பின் மீது பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கூசவைக்கும். பத்து நிமிடத்தில் உங்களால் தாங்க முடியாது. அந்த வெயிலிலேயே நாள் முழுதும் உப்பு வாருகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

பனையடியில்

கோடை மாதங்கள் பதநீர்க் காலமும் ஆகும். பனையேறிகள் பாளையைச் சீவிக் கலயம் கட்டுகிறார்கள். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருப்பதைக் கவனியுங்கள். காரத்தன்மை உள்ள நீரில் ஈஸ்ட் நுண்ணுயிர் பெருக முடியாது. எனவே சாறு புளித்துக் கள்ளாகாமல் பதநீராகவே இருக்கிறது. நுண்ணுயிர் என்ற சொல்லே பிறக்காத காலத்தில் கண்டுபிடித்த உத்தி இது! பதநீரில் நூறு பங்குக்குச் சுமார் 12 பங்கு சர்க்கரை உண்டு. அதைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. வேம்பார்க் கருப்பட்டிக்குத் தனிப் பெயர் உண்டு. வீட்டுக்கு ஏதாவது வாங்கிப் போக வேண்டும் என்றால், இதை வாங்குங்கள்.

முத்து எங்கே போயிற்று?

முத்துக்குளித்துறைக் கடற்கரையின் பழைய ஏழு துறைகளில் வேம்பாரும் ஒன்று. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பகுதிக்கு வந்த மார்க்கோ போலோ முத்துக்குளிப்பைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். கல்லைக் கட்டிக்கொண்டு கடலடிக்கு இறங்கி, மூச்சை அடக்கிய ஒரு நிமிடத்துக்குள் சிப்பி சேகரித்து மேலே வந்தார்கள் இந்த மக்கள்.

முத்துச்சிப்பி சில ஆண்டுகள் பெருகும். பிறகு பல ஆண்டுகள் தென்படாது. இந்த ஏற்ற இறக்கம் பழங்காலத்திலிருந்தே உண்டு. தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ஆம் ஆண்டில். அதன் பிறகு நடக்கவில்லை. 1973-ஆம் ஆண்டில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் தூத்துக்குடியில் முத்துச்சிப்பிக்குள் கருவைப் பொதித்து, நம் நாட்டில் உருண்டையான வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டினார்கள். வேம்பாரில் நின்று கடலைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். மன்னர்களுக்குச் செல்வம் சேர்த்த ஒரு கடலிலும், எடுக்க எடுக்கக் குறையாதது என்று எதுவும் இல்லை.

தீவுகளைத் தூர நின்று பாருங்கள்

இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 சிறு தீவுகளைச் சேர்த்து 1986-ஆம் ஆண்டில் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. உப்புத்தண்ணித் தீவு, புலுவினிச்சல்லி, நல்லதண்ணித் தீவு ஆகிய மூன்றும் வேம்பார்த் தொகுதியைச் சேர்ந்தவை. சுற்றிலும் பவளப்பாறைகள், கடற்புல் வெளிகள், அங்கே மேயும் கடற்பசு, ஆமை. வனத்துறையின் அனுமதி இல்லாமல் இந்தத் தீவுகளுக்குப் போகக் கூடாது. கூடுதல் பணம் தருகிறோம், எங்களைக் கூட்டிப்போங்கள் என்று படகுக்காரர்களைத் தொந்தரவு செய்யாதீர்கள். மாட்டிக்கொண்டால் துன்பப்படப்போவது நீங்கள் மட்டும் அல்ல, அவர்களும்தான்.

பவளம் என்பது கல் அல்ல. உயிரினங்கள் கட்டிய கூட்டம். அதன் உடலுக்குள் வாழும் நுண்பாசிதான் அதற்கு நிறமும் உணவும் தருகிறது. கடல்நீரின் வெப்பநிலை சுமார் 30 டிகிரிக்கு மேல் பல நாட்கள் நீடித்தால் பாசி வெளியேறிப் பவளம் வெளுத்துவிடுகிறது. மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆண்டுகளின் கோடையில் இப்படி நடந்தது. போதாக்குறைக்கு, சுண்ணாம்புக்கும் கட்டடக் கல்லுக்குமாக மனிதர் பல பத்தாண்டுகள் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். பவளப்பாறை அலையைத் தடுக்கும் சுவர். சுவர் போனால் மணல் அரிக்கும். 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி ஆகிய இரண்டும் இப்போது நீருக்குள் இருக்கின்றன.

ஒரு சங்குதானே!

இப்போது என் முக்கியக் கருத்துக்கு வருகிறேன். "நான் ஒருவன் ஒரு சங்கு எடுத்தால் கடல் குறைந்துவிடுமா?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஒரு பேருந்தில் 50 மாணவர்கள் வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்குப் பத்து எடுத்தால் 500. விடுமுறையில் 20 பேருந்துகள் வந்தால் 10,000. பத்தாயிரம் துறவி நண்டுகளுக்கு வீடில்லை. யாரும் குடிபுகாத சிப்பி கூட வீணல்ல. நொறுங்கி மணலாகிக் கரையிலேயே சேர்கிறது. பவளம், கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை ஆகியவற்றோடு பல சங்கு, சிப்பி வகைகளும் 2001-ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியல்களில் சேர்க்கப்பட்டன. அவற்றை வைத்திருப்பதே குற்றமாகலாம்.

"சுற்றுலாப் பயணிகள் வாங்கினால்தானே ஏழைகள் பிழைப்பார்கள்?" என்று இன்னொரு கேள்வி வரும். நியாயமே. ஆகையால்தான் வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கருப்பட்டி, நுங்கு, மீன், பனையோலைப் பெட்டி இவற்றை வாங்குங்கள் என்கிறேன். பனை அடுத்த ஆண்டும் பதநீர் தரும். உடைத்த பவளத்தை அடுத்த ஆண்டு உங்கள் தம்பி வந்து பார்க்க முடியுமா?

கடலில் இறங்கும் முன்

உள்ளூர்க்காரர் ஒருவரைக் கேட்காமல் கடலில் இறங்காதீர்கள். காற்றே இல்லாத நாளிலும் கடல் பொங்கலாம். பல ஆயிரம் கிலோமீட்டர் தெற்கே அடித்த புயலின் அலை, நாட்கள் கழித்து நம் கரைக்கு வந்து சேர்வதுண்டு. கேரள மீனவர்கள் இதைக் கள்ளக்கடல் என்பார்கள். திருடன் போல் சொல்லாமல் வருவதால் அந்தப் பெயர். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். படித்தவர்கள், இளைஞர்கள். கடலுக்கு அது தெரியாது. ஐதராபாத்தில் உள்ள தேசியக் கடல் தகவல் மையம் அலை எச்சரிக்கை வெளியிடுகிறது. எச்சரிக்கை உள்ள நாளில் கரையோடு நின்றுவிடுங்கள். நீரோட்டம் இழுத்தால் அதை எதிர்த்து நீந்திக் களைத்துப்போகாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அதிலிருந்து விலக வேண்டும். கரையொதுங்கிய சொறிமீனைச் செத்ததென்று எண்ணித் தொடாதீர்கள். அதன் கொட்டும் செல்கள் இறந்த பின்னும் கொட்டும்.

விருந்தாளியாகப் போங்கள்

உங்களுக்கு அது கடற்கரை. அங்குள்ளவர்களுக்கு அது தொழிற்கூடம். வலை காயும் முற்றம். காயப்போட்ட வலையை மிதிக்காதீர்கள். கேட்காமல் யாரையும் படம் எடுக்காதீர்கள். "அண்ணாச்சி", "அக்கா" என்று அழைத்து, வேலை முடிந்த நேரமா என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள். பாலித்தீன் பை, காலிப் புட்டி எதையும் விட்டுவராதீர்கள். கடலில் மிதக்கும் பையை ஆமை உணவென்று விழுங்கிவிடும்.

திரும்பி வரும்போது உங்கள் கையில் இருக்க வேண்டியது ஒரு குறிப்பேடு. அதில் காற்றின் பெயர்கள், மீன்களின் எண்ணிக்கை, ஓதம் ஏறி இறங்கிய நேரம், உப்பள வெயில், பனையேறி சொன்ன செய்தி எல்லாம் இருக்கட்டும். பள்ளி திறந்ததும் வகுப்பில் அதைப் படித்துக் காட்டுங்கள். நான் அன்று கொண்டுவந்த துணிப்பையை மூன்றாம் நாளே குப்பையில் கொட்ட வேண்டியதாயிற்று. உங்கள் குறிப்பேடு அப்படிப் போகாது.