கயிற்றைப் பிடித்திருப்பது யார்?

நாய்க் கண்காட்சியைப் பற்றி எழுதக் கலைப்பீடத்து ஆக்களுக்கு என்ன வேலை எண்டு நீங்கள் கேக்கலாம். நியாயமான கேள்விதான். எங்களிட்டச் சாதி நாய் ஒண்டும் இல்லை. விடுதி வாசலில் படுத்திருக்கிற ஊர்நாய்தான் இருக்கு. ஆனால் போட்டி, நடுவர், தீர்ப்பு எண்டு வந்தால் எங்களுக்கும் கொஞ்சம் அனுபவம் உண்டு. விவாதத்தில் தோத்து, நடுவரைத் திட்டிக்கொண்டே பஸ் ஏறி வந்த ஆக்கள் நாங்கள். அதனால் முதலிலேயே ஒன்றை ஒத்துக்கொள்கிறோம்: தோத்தவர் அநியாயம் எண்டு சொல்லுறதெல்லாம் அநியாயம் இல்லை.

கடதாசியில் பார்த்தால் இந்தப் போட்டி மிக நேர்மையானது. நியூயோர்க்கின் வெஸ்ட்மின்ஸ்டர் கண்காட்சி 1877இல் தொடங்கியது. இங்கிலாந்தின் கிரஃப்ட்ஸ் 1891இல். இரண்டிலும் அடிப்படை ஒன்றுதான். ஒவ்வோர் இனத்துக்கும் எழுதி வைத்த ஓர் இலக்கணம் உண்டு. நடுவர் பல்லைப் பார்க்கிறார், எலும்பைத் தடவுகிறார், நடையைக் கவனிக்கிறார், எந்த நாய் அந்த இலக்கணத்துக்குக் கிட்ட நிற்கிறது எண்டு முடிவு சொல்கிறார். அமெரிக்காவில் சாம்பியன் பட்டத்துக்கு 15 புள்ளிகள் வேண்டும். ஒரு கண்காட்சியில் ஆகக்கூடியது 5தான் கிடைக்கும். ஒரே நடுவரின் தயவில் பட்டம் வாங்க ஏலாது. நாயின் பெயரும் நடுவருக்குத் தெரியாது, கையில் கட்டிய இலக்கம்தான் தெரியும்.

பிறகென்ன பிரச்சினை?

நாயின் பெயர் மறைந்திருக்கு. கயிற்றைப் பிடித்திருப்பவரின் முகம் மறையவில்லை. அங்கே சம்பளத்துக்கு நாயை நடத்திக்காட்டும் தொழில்முறை ஆக்கள் இருக்கினம். வாராவாரம் ஊர் ஊராய்ப் போறவையை நடுவர்மாருக்கு நல்லாய்த் தெரியும். நடுவர்மாரில் பலரும் முன்னாள் வளர்ப்பாளர்கள், முன்னாள் நடத்துநர்கள். இதுக்கு மேல், நடுவர்மார் வாசிக்கும் நாய்ச் சஞ்சிகைகளில் வென்ற நாய்களின் படத்தோட பக்கம் பக்கமாய் விளம்பரம் வரும். காசு குடுத்துத் தீர்ப்பு வாங்கினம் எண்டு நாங்கள் சொல்லேல்ல. அப்படி வாங்கத் தேவையே இல்லை எண்டுதான் சொல்லுறம். பத்துத் தரம் கண்ட முகம் பதினோராம் தரம் தானாகவே அழகாய்த் தெரியும். புதிதாய் வந்தவர் தன்ர நாயோட நடுங்கிக்கொண்டு நிற்பார். அந்த நடுக்கம் கயிறு வழியாய் நாய்க்கும் போகும்.

வயர் ஃபொக்ஸ் டெரியர் வெஸ்ட்மின்ஸ்டரில் உச்சப் பரிசை 15 தடவை வென்றிருக்கிறது. 1991 முதல் 2021 வரை அமெரிக்காவில் ஆகக் கூடுதலாகப் பதிவான இனம் லப்ரடோர். அது 2025 வரை ஒருதடவைகூட வெல்லவில்லை. டெரியரின் கம்பி மயிரைக் கையாலேயே பிடுங்கிப் பிடுங்கி வடிவமைக்க வேண்டும். பழகுவதற்கே வருசக்கணக்காகும், இல்லையெண்டால் காசு குடுத்து ஆள் பிடிக்க வேணும். பரிசு போவது நாய்க்கா, அந்தக் கைவேலைக்கா?

இதுக்குத் தீர்வு எண்டு அமெரிக்காவில் சொந்தக்காரரே நடத்திக்காட்டும் நாய்களுக்குத் தனித் தரவரிசையும் தனிப் பரிசும் வைத்திருக்கினம். நல்ல மனசோடதான் வைத்திருப்பினம். ஆனால் எங்கட ஊரில் பிறந்தவைக்கு இதின்ர பேர் தெரியும்: தனிப்பந்தி. சாப்பாடு உண்டு, பிரதான பந்தியில் இடமில்லை.

"போகட்டும், பணக்காரற்ற விளையாட்டு, எங்களுக்கென்ன?" எண்டு விடலாம். ஆனால் மூடின வட்டத்தின் விலையைக் கொடுப்பது தோத்த சொந்தக்காரர் மட்டுமில்லை. 2008இல் பிபிசி ஓர் ஆவணப்படத்தில், கண்காட்சி அழகுக்காக வளர்க்கப்பட்ட நாய்கள் படுகிற நோவைக் காட்டியது. அடுத்த வருடம் கிரஃப்ட்ஸ் ஒளிபரப்பையே கைவிட்டது. 2012இல் 15 இனங்களின் வெற்றியாளர்களை, அடுத்த சுற்றுக்கு விடமுன் கிரஃப்ட்ஸில் மிருக வைத்தியர்கள் பரிசோதித்தார்கள். ஆறு நாய்கள் தேறவில்லை. புல்டோக், பெக்கினீஸ், பாசெட் ஹவுண்ட் எல்லாம் அதற்குள் அடக்கம். யோசிச்சுப் பாருங்கோ: சில மணித்தியாலத்துக்கு முன்னர்தான் அனுபவமுள்ள நடுவர் ஒருவர் அதே நாயைத் தொட்டுத் தடவி 'இனத்தில் முதல்' எண்டு சொல்லியிருந்தார். அவர் கள்ளன் இல்லை. அவற்ற கண் பழகிப்போச்சு. வெளியாள் வந்து பார்த்தபிறகுதான் தெரிஞ்சுது.

புதியவருக்கு இடம் வேணும் எண்டு நாங்கள் சொல்லுறது இரக்கத்தில் இல்லை. பழகாத கண் உள்ளே வராவிட்டால் அளவுகோல் வளைஞ்சதே ஒருத்தருக்கும் தெரியாமல் போகும்.

ஆகவே எங்கட கோரிக்கை சின்னது. காரணத்தை எழுதிக் குடுங்கோ. ஐரோப்பாவின் பல நாடுகளில் நடுவர் ஒவ்வொரு நாய்க்கும் எழுத்தில் விமர்சனம் குடுக்கிறார். அமெரிக்கக் கண்காட்சிகளில் வழக்கமாய் அது இல்லை. நடுவர் கையைக் காட்டுவார், கூட்டம் கைதட்டும், அவ்வளவுதான். எழுதினால் பக்கச்சார்பு ஒழிஞ்சுபோகும் எண்டு நாங்கள் நம்பேல்ல. ஆனால் எழுதினதைக் கேள்வி கேக்கலாம். தோத்தவர் அடுத்தமுறை எதைத் திருத்துவது எண்டாவது தெரிஞ்சுகொண்டு வீட்ட போகலாம்.

இதைத்தான் நாங்கள் எங்கட விவாத நடுவர்மாரிட்டயும் கேக்கிறம். ஒரு வெறும் புள்ளியை வைத்துக்கொண்டு என்ன செய்யிறது?