ஆடு வீட்டுக்குத் திரும்பும், தக்காளி திரும்பாது

எங்கள் அய்யலூர் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: திண்டுக்கல்லில் இருந்து திருச்சி போகும் வழியில், வடமதுரை தாண்டியதும் வரும். வியாழக்கிழமை ஆட்டுச்சந்தை பிரசித்தம். அங்கே விலை கட்டுப்படியாகவில்லை என்றால் ஆட்டுக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். அடுத்த வியாழன் பார்த்துக்கொள்ளலாம்.

அதே ஊரில் தக்காளி மார்க்கெட்டும் இருக்கிறது. அங்கே பெட்டியைத் திருப்பி எடுத்துப் போனவரை நான் பார்த்ததே இல்லை. கொண்டுபோய் என்ன செய்வது? மூன்று நாளில் அழுகிவிடும். வியாபாரி சொல்வதுதான் விலை.

ஒரு சின்னக் கணக்கு (பி.காம். படிப்பது இதற்காவது உதவட்டும்). 14 கிலோ பெட்டி 50 ரூபாய்க்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 பெட்டிக்கு 1000 ரூபாய். இதில் நூற்றுக்குப் பத்து கமிஷன் என்றால் 100. பெட்டிக்குப் பத்து ரூபாய் வண்டி வாடகை 200. பறிக்க மூன்று பேர், ஆளுக்கு 250 ரூபாய், 750. ஆகச் செலவு 1050. நாற்று, உரம், மருந்து, தண்ணீர் எதையும் இன்னும் சேர்க்கவில்லை. பறிக்காமல் செடியிலேயே விட்டால் 50 ரூபாய் மிச்சம்! தக்காளியை ரோட்டோரம் கொட்டினார்கள் என்று செய்தி வரும்போது, 'பைத்தியக்காரத்தனம்' என்று சொல்லும் நண்பர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்கவும்.

ஏன் இப்படி ஆகிறது? எங்கள் பொருளாதாரப் பாடத்தில் 'காப்வெப்' என்று ஒன்று வரும், சிலந்திவலைக் கோட்பாடு. 1934-ல் நிக்கோலஸ் கால்டர் வைத்த பெயர். இந்தப் போகத்தில் விலை ஏறினால் எல்லோரும் அதையே நடுவார்கள், அடுத்த போகத்தில் விலை விழும். விழுந்தால் யாரும் நடமாட்டார்கள், மறுபடி ஏறும். பரீட்சைக்குப் படம் வரைந்தால் மார்க் கிடைக்கும். தோட்டக்காரருக்குக் கிடைப்பது கடன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விலை ஏறும்போது அரசாங்கம் என்ன செய்கிறது, இறங்கும்போது என்ன செய்கிறது என்று பாருங்கள்.

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. உடனே தமிழக அரசு சென்னையில் பண்ணைப் பசுமைக் கடைகளிலும் ரேஷன் கடைகளிலும் 60 ரூபாய்க்கு விற்றது. மத்திய அரசு டெல்லியில் 90-க்கு விற்க ஆரம்பித்து, பிறகு 80, 70 என்று குறைத்தது. ஆகஸ்டில் நேபாளத்தில் இருந்து இறக்குமதி. எல்லாம் சில வாரங்களுக்குள். அதைத் தப்பு என்று சொல்லவே மாட்டேன், எங்கள் வீட்டிலும் ரசம் வைக்க வேண்டுமே!

ஆனால் கிலோ மூன்று ரூபாய்க்கு விழும்போது அந்த அவசரம் எங்கே போகிறது? ரிசர்வ் வங்கி 2024 அக்டோபரில் வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரை, நாம் தக்காளிக்குக் கொடுக்கும் ஒரு ரூபாயில் விவசாயிக்குப் போவது சுமார் 33 பைசா என்கிறது. ஏறும்போது மூன்றில் ஒரு பங்கு, இறங்கும்போது முழு நஷ்டமும் அவர் தலையில்.

"ஆதார விலை கொடுத்தால் எல்லோரும் தக்காளியே நடுவார்கள், அரசாங்கம் திவாலாகும்" என்பார்கள். நியாயமான கேள்வி. பதில் பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது. கேரளம் 2020 நவம்பரில் 16 காய்கறி, பழங்களுக்கு அடிப்படை விலை அறிவித்தது. உற்பத்திச் செலவுக்கு மேல் 20 சதவீதம் என்பது கணக்கு. தக்காளிக்கு அப்போது கிலோ 8 ரூபாய். ஒரு விவசாயிக்குப் போகத்துக்கு 15 ஏக்கர் வரைதான் என்று வரம்பும் வைத்தார்கள். எட்டு ரூபாயை நம்பி யாரும் பேராசைப்பட்டு நடமாட்டார்கள். ஆனால் எட்டு ரூபாய் இருந்தால் யாரும் ரோட்டில் கொட்டவும் மாட்டார்கள்.

மத்திய அரசிலும் சந்தைத் தலையீட்டுத் திட்டம் என்று ஒன்று உண்டு. சரக்கை வாங்காமலே, விலை வித்தியாசத்தை மட்டும் விவசாயியின் வங்கிக் கணக்கில் போடலாம் என்று 2025 பிப்ரவரியில் அதன் விதிகளை மாற்றினார்கள். அந்த ஜூலையிலேயே ஆந்திராவின் தோத்தாபுரி மாம்பழத்துக்கு இந்த முறையில் ஒப்புதல் கிடைத்தது. பாதிப் பணம் மத்திய அரசு, பாதி மாநில அரசு. அழுகும் சரக்கை வாங்கிக் குடோனில் அடுக்க வேண்டியதில்லை. விற்ற சீட்டும் வங்கிக் கணக்கும் இருந்தால் போதும்.

ஆகவே நான் கேட்பது புதிதாக ஒன்றும் இல்லை. விலை இந்த அளவுக்குக் கீழே போனால் வித்தியாசம் தரப்படும் என்று நடவுக்கு முன்னாலேயே சொல்லுங்கள். விழுந்த பிறகு கூட்டம் போட்டு, கடிதம் எழுதி, பதில் வருவதற்குள் அந்தப் போகமே முடிந்துவிடும்.

ஆட்டுக்காரருக்கு 'இந்த விலைக்குத் தரமாட்டேன்' என்று சொல்ல முடிகிறது. தக்காளிக்காரருக்கும் அதைச் சொல்ல ஒரு வழி வேண்டும். அவ்வளவுதான்.