நாடு பல கண்டேன்: ஏரிக்கரைச் செல்வ நகரம் ஜெனீவா



"ஐரோப்பாவிலே பணம் கொழிக்கும் ஊர் எப்படி இருக்கும்? அங்கே ஏழைகளே இல்லையா?" என்று தோட்டத்துச் சகோதரி ஒருவர் கேட்டு எழுதியிருந்தார். நல்ல கேள்வி! அதற்குப் பதிலாக இம்மாதம் உங்களைச் சுவிட்சர்லாந்து நாட்டின் ஜெனீவாவுக்கு அழைத்துப் போகிறேன். கடவுச்சீட்டு வேண்டாம், கம்பளிச் சட்டையும் வேண்டாம். தேநீரை ஆற்றிக்கொண்டே என்னோடு வாருங்கள்.

ஜெனீவா பெரிய ஊர் அல்ல. நகர எல்லைக்குள் ஏறத்தாழ 2 லட்சம் பேர்தாம். நம் ஈப்போவைவிடச் சிறியது. ஆனால் உலகமே அதன் பெயரை அறியும். மூன்று பக்கமும் பிரான்ஸ் நாடு சூழ்ந்திருக்க, ஒரு பக்கம் லெமான் ஏரி விரிந்து கிடக்கிறது. ஏரியின் பரப்பு சுமார் 580 சதுர கிலோமீட்டர். ஆழமான இடத்தில் 310 மீட்டர். கிழக்கே புகுந்த ரோன் நதி, ஏரியைக் கடந்து, ஜெனீவா நகரின் நடுவே மீண்டும் நதியாகி ஓடுகிறது. வானம் தெளிந்த நாளில் தூரத்தில் மோன் பிளாங் சிகரம் வெள்ளை வேட்டி விரித்தாற்போல் தெரியும்.

கரையோரத்தில் பெரிய ஓட்டல்கள், வங்கிகள், கடிகாரக் கடைகள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் ஒரு கைக்கடிகாரத்தின் விலைக்கு நம் ஊரில் ஒரு வீடே வாங்கிவிடலாம்! சாலையில் குப்பை இல்லை. ட்ராம் வண்டி சொன்ன நிமிடத்தில் வருகிறது. தெருவோரக் குழாய்களில் ஓடும் நீரை யாரும் காசில்லாமல் குடிக்கலாம். அந்தக் குடிநீரில் பெரும்பகுதி ஏரியிலிருந்து எடுக்கப்படுவதுதான்.

அந்த ஏரி என்றும் இப்படித் தெளிவாக இருந்ததில்லை. 1970களில் சாக்கடையும் சலவைத்தூளின் பாஸ்பேட்டும் கலந்து, பாசி மண்டி, நீர் கெட்டுக்கொண்டிருந்தது. சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டினார்கள். 1986இல் துணி துவைக்கும் தூளில் பாஸ்பேட் கூடாது என்று சுவிட்சர்லாந்து தடை போட்டது. ஏரி மெல்ல மெல்லத் தேறியது. கெட்ட நீரும் மனிதன் மனம் வைத்தால் நல்ல நீராகும் என்பதற்கு இது சாட்சி.

வேலை முடிந்த நேரத்தில் எழுந்த நீரூற்று

ஜெனீவாவின் அடையாளம் ஏரியில் எழும்பி நிற்கும் நீரூற்று. அதன் உயரம் 140 மீட்டர். ஆறு தென்னை மரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்திப் பாருங்கள், அவ்வளவு! நொடிக்கு 500 லிட்டர் நீர், மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் மேலே பாய்கிறது. சுற்றுலா வருவோர் எல்லோரும் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அது எப்படிப் பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது.

1886ஆம் ஆண்டில் ரோன் நதிக்கரையில் ஒரு நீரழுத்த நிலையம் இருந்தது. அங்கிருந்து குழாய் வழியே சென்ற நீரின் விசைதான் ஊரின் பட்டறைகளில் இயந்திரங்களைச் சுழற்றியது. மாலையில் தொழிலாளர்கள் வேலை முடித்து இயந்திரங்களை நிறுத்துவார்கள். உடனே குழாயில் அழுத்தம் ஏறிவிடும். குழாய் வெடிக்காமலிருக்க ஒரு திறப்பு வைத்தார்கள். மிஞ்சிய நீர் அதன் வழியே வானில் பீறிட்டது. அதாவது, தொழிலாளி வீட்டுக்குக் கிளம்பிவிட்டான் என்பதற்கு அந்த ஊற்றே அடையாளம்! அதன் அழகைக் கண்ட நகரத்தார் 1891இல் ஏரிக்கு இடம் மாற்றி, காட்சிப் பொருளாக்கினார்கள்.

கடிகாரம் வந்த கதை

16ஆம் நூற்றாண்டில் கால்வின் என்ற சமயத் தலைவர் இங்கே கடுமையான ஒழுக்க விதிகளைக் கொண்டுவந்தார். நகை அணிவதற்குக் கட்டுப்பாடு வந்தது. பொற்கொல்லர்கள் கை பிசைந்து உட்கார்ந்துவிடவில்லை. கடிகாரத் தொழிலுக்குத் திரும்பினார்கள். அதே காலத்தில் பிரான்சில் சமயக் கொடுமைக்கு ஆளாகி அகதிகளாக ஓடிவந்தவர்கள் தங்கள் கைத்திறனையும் கொண்டுவந்தார்கள். இன்று கோடி கோடியாகப் புரளும் கடிகார வணிகத்துக்கு விதை போட்டவர்களில் இந்த அகதிகளும் உண்டு.

இந்த ஊர் பெற்ற இன்னொரு பிள்ளை ஆன்ரி துனான். 1859இல் இத்தாலியின் சொல்ஃபெரினோ போர்க்களத்தில் காயம்பட்டவர்கள் கேட்பாரற்றுக் கிடந்ததைக் கண்டு மனம் பதறியவர். அவர் முயற்சியால் 1863இல் இங்கே செஞ்சிலுவைச் சங்கத்துக்கு வித்திடப்பட்டது. ஆனால் 1867இல் அவர் தொழில் நொடித்துக் கடனாளியானபோது, அதே ஊர் அவருக்கு முகம் கொடுக்கவில்லை. ஊரைவிட்டுப் போனவர் திரும்பவே இல்லை. 1901இல் முதல் நோபல் அமைதிப் பரிசு அவரைத் தேடி வந்தபோது, அவர் வேறோர் ஊரில் ஆதரவு இல்லத்தில் வாழ்ந்துகொண்டிருந்தார். பணக்கார ஊருக்குக் கடனாளியைப் பிடிப்பதில்லை போலும்!

அலமாரிக்குள் வளர்ந்த பிள்ளைகள்

இப்போது சகோதரியின் கேள்விக்கு வருகிறேன். இந்த வீதிகளையும் மாளிகைகளையும் கட்டியவர்கள் யார்?

முன்பு "பருவத் தொழிலாளர்" என்ற முறை சுவிட்சர்லாந்தில் இருந்தது. 1930களில் வந்த சட்டம் அது. இத்தாலி, ஸ்பெயின், போர்த்துகல், யுகோஸ்லாவியா நாடுகளிலிருந்து ஆட்களை வரவழைப்பார்கள். ஆண்டில் ஒன்பது மாதம் மட்டும் வேலை. கட்டட வேலை, ஓட்டல் வேலை, வயல் வேலை. பிறகு ஊர் திரும்பிவிட வேண்டும். முதலாளியை மாற்ற முடியாது. தங்குவதற்கு மரக் கொட்டகை. ஓர் அறையில் பலர். மனைவி மக்களை அழைத்துவர அனுமதி இல்லை.

வாசகர்களே, இதைப் படிக்கும்போது நம் தாத்தா பாட்டி கதை நினைவுக்கு வரவில்லையா? வெள்ளைக்காரன் காலத்து லயமும் ஒப்பந்தமும் வேறு நிறத்தில் ஐரோப்பாவின் நடுவிலேயே இருந்திருக்கின்றன!

பிள்ளையைப் பிரிய மனம் வராத பெற்றோர் சிலர் இரகசியமாக அழைத்து வந்தார்கள். அந்தக் குழந்தைகள் பகலெல்லாம் பூட்டிய அறைக்குள் சத்தம் காட்டாமல் இருக்க வேண்டும். சிரிக்கக் கூடாது, ஓடக் கூடாது, சன்னல் அருகே போகக் கூடாது. பக்கத்து வீட்டார் கண்டு சொல்லிவிட்டால் நாடு கடத்தல்தான். "அலமாரிப் பிள்ளைகள்" என்றே அவர்களுக்குப் பெயர் வந்தது. பள்ளிக்கூடம் பாராமல் வளர்ந்தவர்கள் பலர். இந்த முறை 2002இல்தான் முற்றாக ஒழிந்தது. அப்படி வளர்ந்த பிள்ளைகள் சிலர் பெரியவர்களாகி, நடந்ததை இன்று வெளியே சொல்கிறார்கள்.

ஏழைகள் இப்போது இல்லையா என்றால், இருக்கிறார்கள். வீடு பெருக்கியும் பிள்ளை பார்த்தும் பிழைக்கும் பெண்களில் அனுமதிச்சீட்டு இல்லாதவர்கள் பலர். 2020இல் கொரோனா நோய் பரவி வேலை நின்றபோது, ஒரு விளையாட்டரங்கின் வெளியே உணவுப் பைக்காக ஒரு கிலோமீட்டருக்கும் மேல் வரிசை நின்றது. அந்தப் பையின் மதிப்பு ஏறத்தாழ 20 பிராங்க். அவர்கள் தங்கள் நடுவிலேதான் வாழ்கிறார்கள் என்பதை ஊரார் பலர் அன்றுதான் உணர்ந்தார்கள்.

அதே ஆண்டு செப்டம்பரில் ஜெனீவா மாநில மக்கள் வாக்களித்து மணிக்கு 23 பிராங்க் குறைந்தபட்சச் சம்பளம் என்று முடிவு செய்தார்கள். 58 விழுக்காட்டினர் ஆதரவு. நவம்பர் முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. 2014இல் நாடு முழுவதற்கும் இதுபோன்ற திட்டம் வந்தபோது, நான்கில் மூன்று பங்கு மக்கள் வேண்டாம் என்றவர்கள். ஆனாலும் ஜெனீவாவில் சங்கத்தார் சளைக்கவில்லை. ஒன்று மட்டும் உறுத்துகிறது. விவசாயத்துக்கும் பூச்செடி வளர்ப்புக்கும் இந்தச் சட்டம் குறைந்த விகிதமே தருகிறது. மண்ணில் கை வைப்பவனுக்கு எங்கே போனாலும் கடைசி இடந்தானா?

நமக்கும் அங்கே ஒரு வாசல்

ஏரிக்கரையை விட்டுச் சற்று மேலே போனால் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம். 1919இல் தோன்றி, 1920 முதல் ஜெனீவாவில் இயங்குகிறது. 1969இல் நோபல் அமைதிப் பரிசு பெற்றது. ஆண்டு மாநாட்டுக்கு ஒவ்வொரு நாடும் அரசின் சார்பில் இருவரையும், முதலாளிகள் சார்பில் ஒருவரையும், தொழிலாளர் சார்பில் ஒருவரையும் அனுப்புகிறது. அந்த ஒருவருக்கும் தனி ஓட்டு உண்டு. மலாயா சுதந்திரம் பெற்ற 1957ஆம் ஆண்டிலேயே இதில் உறுப்பினரானது.

அடுத்த ஆண்டு, 1958இல், இந்த நிறுவனம் தோட்டத் தொழிலாளருக்கென்றே ஓர் ஒப்பந்தத்தை நிறைவேற்றியது. ஆள் சேர்ப்பு, சம்பளம், வார ஓய்வு, பேறுகால விடுப்பு, குடியிருப்பு, மருத்துவம், சங்கம் அமைக்கும் உரிமை எல்லாம் அதில் உண்டு. பால்மரத்தையும் தேயிலைச் செடியையும் கண்ணால் காணாத பனி ஊரில், நம்மைப் போன்றவர்களின் லயத்து வீட்டைப் பற்றி உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். ஒப்பந்தத்தை ஏற்பதும் ஏற்காததும் அந்தந்த நாட்டு அரசின் விருப்பம். ஏட்டில் இருப்பது வீட்டுக்கு வர, கேட்கிறவன் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

சகோதரிக்கு என் பதில் இதுதான். பணக்கார ஊரிலும் ஏழைகள் உண்டு. அவர்கள் பின்கட்டில் இருப்பதால் வாசலில் நிற்பவருக்குத் தெரிவதில்லை. நம் தோட்டங்களிலும் இன்று வேறு நாட்டிலிருந்து வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். நம் பாட்டன் பூட்டன் நின்ற இடத்தில் இப்போது அவர்கள் நிற்கிறார்கள். அவர்களைக் காணும்போது, ஒரு வார்த்தை அன்பாய்ப் பேசுங்கள்.

அடுத்த மாதம் வேறோர் ஊரில் சந்திப்போம்.