பசித்த மீனுக்கு அளவான இரை

அமேசன் ஆற்றுப் படுகையிற் பிறந்த ஒஸ்கார் மீன், சிறு மீன்களையும் பூச்சிகளையும் வேட்டையாடி உண்பது. கண்ணாடித் தொட்டியிலே பல வாரம் இரையின்றிக் கிடந்தால் அதன் வயிறு ஒட்டும். முதுகுத் தசை கரையும். தலை மட்டும் பெரிதாய்த் தோன்றும்.

அதனைக் கண்டதும் இரையை அள்ளிக் கொட்டவே நம் கை விரையும். அங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். மெலிந்த மீனுக்கு முதல் மருந்து நல்ல நீர். தொட்டி நீரிற் காற்பங்கை அகற்றி, குளோரீன் நீங்கிய புதுநீரை அதே வெப்பத்தில், ஏறக்குறைய 26 பாகை செல்சியசில், வார்ப்போம். பின்னர் மீனின் கண்ணளவேயான மண்புழுத் துண்டை நாளுக்கு இருமுறை இடுவோம். தின்னாது விட்டதை உடனே எடுத்துவிடுவோம்; அது அழுகினால் அமோனியா பெருகி மீனைக் கொல்லும். உயிருள்ள பொன்மீனை இரையாக்குதல் தீது. அது நோயைக் கொணரும். அதன் உடலிலுள்ள தயமினேசு என்னும் நொதியம் பி1 உயிர்ச்சத்தையும் அழிக்கும்.

வாரங்கள் செல்ல, ஒட்டிய வயிறு சமனாகும். நம்மைக் கண்டதும் மீன் கண்ணாடியருகே விரைந்து வரும். அளவறிந்து ஊட்டும் கையே உயிரைக் காக்கும் என்பதை மாணவர் மனத்திற் கொள்வாராக.