அக்கம்பக்கமே அரண்

"விளக்கு வைத்தபின் வெளியே போகாதே!" இக்கட்டளையைக் கேளாத பெண் நம் பள்ளியில் எவரேனும் உண்டோ? அண்ணனும் தம்பியும் எட்டு மணிக்குப் பந்தும் மட்டையுமாகத் திரும்பி வரலாம். நாங்களோ பொழுது சாயுமுன் வீடடைய வேண்டும். தனிப்பயிற்சி வகுப்பு மாலை ஏழு மணிக்கு முடிகிறது என்றால், அந்த வகுப்பே வேண்டாம் என்று நிறுத்தப்படுகிறோம். பெற்றோரைக் குறை கூற நாங்கள் வரவில்லை. அவர்களுடைய அச்சம் அன்பில் பிறந்தது. ஆனால் பெண்ணைப் பூட்டி வைத்தால் தெரு திருந்திவிடுமா என்பதே எங்கள் கேள்வி.

தெருவுக்குக் காவல் எது? உயர்ந்த மதிலா? அதன்மேல் பதித்த கண்ணாடித் துண்டுகளா? 'நாய்கள் ஜாக்கிரதை' என்னும் பலகையா? இவையெல்லாம் ஒரு வீட்டைக் காக்கும், தெருவைக் காக்கா. தெருவின்மேல் இருக்கும் மக்களின் கண்களே அதற்குக் காவல் என்று, அமெரிக்க நகரங்களைப் பற்றி 1961ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் ஜேன் ஜேக்கப்ஸ் என்னும் பெண்மணி எழுதினார். நம் முன்னோர் வீட்டு வாசலில் திண்ணை கட்டி, மாடத்தில் அகல் ஏற்றி வைத்ததும் இதற்கு உதவியது அன்றோ?

எனினும் பழைய திண்ணையை அப்படியே திருப்பித் தாருங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. சாதி பார்த்து இடம் தந்த திண்ணைகளும் இருந்தன. "அவள் எத்தனை மணிக்கு வந்தாள்? யாரோடு பேசினாள்?" என்று வம்பளந்த திண்ணைகளும் இருந்தன. எங்களை வேவு பார்க்கும் கண்கள் வேண்டாம். எங்களுக்கு ஒன்று என்றால் எழுந்து வரும் கால்களே வேண்டும்.

நம் மக்களுக்கு அந்த மனம் இல்லாமல் இல்லை. 2015ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, மீனவர்கள் தம் படகுகளைத் தெருக்களுக்குக் கொண்டுவந்து மக்களை மீட்டனர். பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் கோயில்களும் திருமண மண்டபங்களும் கதவைத் திறந்தன. மாடிவீட்டாரும் கீழ்வீட்டாரும் ஒரே பானைச் சோற்றைப் பகிர்ந்தனர். அடுத்த வீட்டாரின் பெயரை அறிந்துகொள்ள நமக்கு ஒரு வெள்ளம் வர வேண்டுமா?

ஆகவே சிறிய செயல்களிலிருந்து தொடங்குவோம். முதலாவது வெளிச்சம். எரியாத தெருவிளக்கின் கம்பத்தில் எண் இருந்தால் அதைக் குறித்துக்கொண்டு நகராட்சிக்கோ ஊராட்சிக்கோ தெரிவிப்போம். சென்னை மாநகராட்சியில் இதற்கு 1913 என்னும் தொலைபேசி எண் உண்டு. கிராமங்களில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. எங்களுக்கு வாக்குரிமை வர இன்னும் மூன்று ஆண்டுகள் உள்ளன. எங்கள் அன்னையருக்கு இன்றே உண்டு. அவர்கள் எழுந்து, "எங்கள் தெருவுக்கு விளக்கு வேண்டும்" என்று கேட்கட்டும்.

இரண்டாவது அறிமுகம். இடப்புறம் மூன்று வீடு, வலப்புறம் மூன்று வீடு. அங்கு இருப்பவர் யார், தனித்து வாழும் முதியவர் உண்டா என்று அறிவோம். பாட்டிக்கு மருந்து வாங்கித் தரும் பெண்ணை அந்தப் பாட்டி அறிவார். அவள் குரல் கேட்டால் கதவையும் திறப்பார்.

மூன்றாவது ஒரு மணி நேரம். வகுப்பு முடிந்து நாங்கள் திரும்பும் வேளையில், பெரியவர்கள் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு வாசலில் வந்து அமரட்டும்.

ஆபத்தில் சிறுவர் சிறுமியர் 1098 என்னும் எண்ணையும், பெண்கள் 181 என்னும் எண்ணையும் அழைக்கலாம். இவற்றை மனப்பாடம் செய்வது அவசியம். ஆயினும் எந்த வண்டி வருவதற்கு முன்னும் வந்து சேரக்கூடியவர் பக்கத்து வீட்டுக்காரரே.

பெற்றோரே, பெரியோரே! எங்களுக்காகக் கதவை அடைக்காதீர்கள். எங்களுக்காகக் கதவைத் திறந்து வாசலில் நில்லுங்கள். அப்போது ஏழு மணி எங்களுக்கும் ஏழு மணியாகவே இருக்கும்.